கோட்டுக்குக் கீழே ஒரு மெகாபைட்

— போடாதடி மெர்சி. செத்தாலும் அந்த லெட்டர்ல கையெழுத்துப் போடாத.

— திலகாக்கா, நீங்க கன்சோல் ஆபரேட்டர். கன்சோலைப் பாருங்க. இது எனக்கும் மெர்சிக்கும் நடுவுல.

— கன்சோலைத்தான் பாத்துக்கினு இருக்கேன் மோகனு. காது சும்மாதானே கெடக்குது. எனக்கின்னாத்துக்கு ஊர் வம்பு? ஒரு பொண்ணு மூணு நாளா ஒழுங்கா நாஷ்டா துன்னாம இந்தக் குளிரு ரூம்ல உக்காந்துக்கினு இருக்குதேன்னு கேட்டேன், அவ்ளோதான்.

— லிஸன், மெர்சி. சிம்பிள். மணி மூணே கால். நாலு மணிக்கு சரவணகுமார் சார் வர்றாரு. இது லெட்டர். இது பேனா.

— பேனாவும் நீங்களே கொணாந்துட்டீங்களா மோகன் சார்? மேனேஜர் வர்ற நேரத்துல மை இல்லன்னு நான் தப்பிச்சிடுவேன்னு பயமா? இன்னா எழுதியிருக்கீங்க, சத்தமா படிங்க. அக்காவும் கேக்கட்டும்.

— 'கம்பிகளுக்கான டெஸ்ட் சர்டிபிகேட் புரோகிராமில் நான் செய்த மாற்றத்தால் மெமரி போதாமல், திங்கட்கிழமை முதல் ஜாப் நின்றுபோனதற்கு நானே பொறுப்பு. இப்படிக்கு, மெர்சி.' ரெண்டே வரி.

— அந்த ரெண்டு வரில என் வேலை போயிடும். ஆறு வருஷமா கான்ட்ராக்ட். அடுத்த மாசம் பர்மனென்ட் ஆர்டர் வரணும். தப்பை ஒத்துக்கினு எழுதிக் குடுத்தவளுக்கு எவன் ஆர்டர் குடுப்பான்?

— அதுக்கு நான் இன்னா பண்றது? மில் கேட்டாண்ட போய்ப் பாரு. ஹைவே வரைக்கும் லாரி நிக்குது. சர்டிபிகேட் இல்லாம இந்த மில்லுலேர்ந்து ஒரு கம்பி வெளிய போவாது. டிரைவருங்க ரோட்டோரமா அடுப்பு மூட்டி சோறாக்குறானுங்க.

— ஒருத்தன் கருவாட்டுக் கொழம்பு வெச்சான் மோகனு. ஏ.சி. வழியா உள்ள வந்துச்சி பாரு வாசனை. நம்ம கேன்டீன்காரனை அவன்கிட்ட அனுப்பி ட்ரெய்னிங் குடுக்கணும்.

— அக்கா, ப்ளீஸ்.

— நான் பேசலப்பா. நீங்க சண்டை போடுங்க.

— மோகன் சார், ஒரே கேள்வி. அதே புரோகிராம், அதே டேட்டா. நாம ஓட்டிப் பாக்குற டெஸ்ட் மிஷின்ல ஓடுது. இந்த மெயின் மிஷின்ல மட்டும் 878 குடுத்துட்டு விழுது. 878ன்னா கேட்ட இடம் இல்லன்னு அர்த்தம். அங்க இருக்கற இடம் இங்க ஏன் இல்ல?

— நீ போன வாரம் ஒரு டேபிள் சேத்த. அதுதான் இடத்தைத் துன்னுது.

— இருநூறு கேபி டேபிள், ஒரு மெகாபைட்ல அஞ்சுல ஒரு பங்கு. அதை எடுத்துட்டும் நேத்து ஓட்டினேன். அப்பவும் 878. ஆறு மாசத்துக்கு முந்தின வெர்ஷனையும் ஓட்டினேன். அதுவும் 878. அந்த வெர்ஷன்ல நான் கையே வெக்கல.

— நீயே ஓட்டினேன்னா யாரு நம்புறது?

— கன்சோல்ல பாத்த நான் நம்புறேன். மூணு தபா விழுந்துச்சி, மூணு தபாவும் மணி அடிச்சிச்சி. நேத்து மத்தியானம் ரெண்டு பத்துக்கு லாகின் பண்ணா. ரெண்டு அம்பதுக்கு வெளிய போனா, டீ குடிக்க. உள்ள யாரு வந்தாலும் என் ஸ்கிரீன்ல பேரு விழுந்துடும், தெரியுமில்ல? அந்த லேப்புல இருக்குதே நர்மதா, இன்னிக்கு எட்டு நாப்பதுக்கே வந்துடுச்சி. பொறுப்பான பொண்ணு. நான் ஏன் சொல்றேன்னா, மோகனுக்குத் தெரிஞ்சிக்க ஆசையா இருக்கும்.

— அக்கா! அந்தப் பேச்சு இங்க எதுக்கு?

— ஜாதகம் கேட்டவன் நீ, வாங்கித் தர்றவ நானு. இவளுக்குத் தெரிஞ்சா இன்னா? கம்பெனி பஸ்ஸு ஃபுல்லா தெரியும்.

— யாரு சொன்னது பஸ்ஸுல?

— அது எனக்கெப்படித் தெரியும் மோகனு? நான் சன்னல் சீட்டு. தூங்கிக்கினு வருவேன்.

— அக்கா, எனக்கு உங்க உதவி வேணும். கன்சோல் கமாண்ட் போட எனக்குப் பவர் இல்ல. ரெண்டு மிஷினோட மெமரி மேப்பையும் நீங்க எடுத்துக் குடுங்க.

— தேவையில்ல மெர்சி. ரெண்டு மிஷினும் ஒண்ணு. ஒரே செட்டிங். நானே வெச்சது.

— ஒண்ணுதான்னா எடுத்துக் காட்டுறதுல இன்னா?

— நான் சிஸ்டம் புரோகிராமர். நீ அப்ளிகேஷன். உன் வேலை எதுவோ அதைப் பாரு. எல்லாருக்கும் ஒரு எல்லை இருக்குது. எங்க ஊர்ல உங்கப்பா யேசுதாஸுக்குத் தெரிஞ்சிது அது. நெல்லு மூட்டையைக் கொட்டாய் வாசல்ல வெச்சிட்டுப் போவாரு, உள்ள வர மாட்டாரு.

— இன்னொரு தபா சொல்லுங்க மோகன்.

— இன்னாது?

— சாரை எடுத்துட்டேன். கவனிச்சீங்களா? எங்கப்பா உங்க கழனில இருவது வருஷம் மூட்டை தூக்குனாரு. அப்புறம் இதே மில்லுல ரோலிங்ல பதினேழு வருஷம், சிவப்பாக் காய்ஞ்ச கம்பியை இடுக்கியால புடிச்சாரு. அவரு புடிச்ச கம்பிக்கு சர்டிபிகேட் அடிக்கிற புரோகிராம் என்னுது. இது உங்க கொட்டாய் இல்ல. நான் உள்ளதான் நிக்குறேன்.

— அப்படிப் போடு! மோகனு, அது ரொம்பத் தப்பு. சொல்லிட்டேன். கமாண்ட் நான் போடுறேண்டி மெர்சி.

— அக்கா, பர்மிஷன் இல்லாம நீங்க…

— கன்சோல் யாரு கையில? உங்கையிலயா? இருவத்தி மூணு வருஷமா இந்த நாற்காலில உக்காந்துருக்கேன். நான் சீல் வெச்சிக் கையெழுத்துப் போடாத பேப்பர் இந்தக் கதவைத் தாண்டாது. செக்யூரிட்டி சின்னதுரை புடுங்கி வெச்சிக்குவான். அந்த ரூலு இருக்கற வரைக்கும் நான்தான் இந்த ரூமு. சொல்லு மெர்சி, இன்னா பாக்கணும்?

— பதினாறு மெகாபைட் கோட்டுக்குக் கீழ இருக்கற இடம்.

— ஏன், கோட்டுக்கு மேலதான் அவ்ளோ இடம் சும்மா கெடக்குதே?

— என் புரோகிராம் எழுதி முப்பது வருஷம் ஆவுதுக்கா. அதுக்குப் பதினாறைத் தாண்டிக் கண்ணு தெரியாது. அந்தப் பதினாறுல மேல்பக்கம் பொது இடம், எல்லா ஜாபுக்கும் சேத்து. கீழ்ப்பக்கம் ஒவ்வொரு ஜாபுக்கும் சொந்த இடம். எனக்கு எட்டரை மெகாபைட் சொந்த இடம் வேணும். பழைய வெர்ஷனுக்கே எட்டு புள்ளி மூணு வேணும்.

— டெஸ்ட் மிஷின் வருது… சொந்த இடம், ஒம்பது.

— மெயின் மிஷின்?

— இரு, இரு… எட்டு.

— இன்னொரு தபா பாருங்க.

— எட்டுதாண்டி. கண்ணாடி போட்டுக்கினுதான் பாக்குறேன். இன்னா மோகனு, ரெண்டும் ஒண்ணுன்னியே? ஒரு மெகாபைட்டை யாரு தூக்கிக்கினு போனா? தெரு நாயா?

— அது… அது டிஸ்பிளேல வர்ற வித்தியாசம். ரவுண்ட் பண்ணிக் காட்டும்.

— மோகன், என்கிட்ட அந்தக் கதை வேணாம். எட்டு இருக்கற எடத்துல எட்டு புள்ளி மூணு எப்படி உக்காரும்? பழைய வெர்ஷனும் விழுந்ததுக்குக் காரணம் இதுதான். பொது இடம் பெரிசாயிருக்குது. என் பக்கம் நகந்து வந்திருக்குது.

— சரி, வந்துச்சின்னே வெச்சிக்கோ. ஒரு மெகாபைட் பெரிசாவுற மாதிரி நான் எதுவும் ஏத்தல. யேசு மேல சத்தியம் வேணுமா உனக்கு?

— உங்க சாமி மேலயே பண்ணுங்க. என் சாமியை விடுங்க.

— ஒரு மெகாபைட் ஏத்தலன்னு சாமி மேல சொல்றேன். போதுமா?

— மெர்சி, எனக்கு ஒண்ணு தோணுது. சொன்னா சிரிக்கக் கூடாது.

— சொல்லுங்கக்கா.

— மணவாள நகர்ல எங்க லைன்ல நாலு ஊட்டுக்கும் சேத்து ஒரு பொதுச் சந்து. பக்கத்து ஊட்டு ஆதிநாராயணன் அந்தச் சந்துல பைப்பு போடணும்னு என் பக்கத்துலேர்ந்து நாலு விரக்கடை எடம் கேட்டான். போய்த் தொலையுதுன்னு சரின்னுட்டேன். கொத்தனார் இன்னா பண்ணான்? என் செவுத்தை இடிச்சிட்டு, நகத்துனா முழு ஹாலோ பிளாக் கணக்குலதான் நகத்துவேன், கல்லை ஒடைச்சி வெக்க மாட்டேன்னுட்டான். நாலு விரக்கடைக்கு ஒரு கல்லு அகலம் போச்சி. இப்ப என் பாத்ரூம்ல வாளி உள்ள இருந்தா நான் வெளிய நிக்கணும்.

— அக்கா.

— இன்னாடி?

— நீங்க சொன்னது அப்படியேதான். இங்கயும் செவுரு முழுக் கல்லாத்தான் நகரும். கல்லு ஒரு மெகாபைட். பொது இடத்துல ஒரு துளி கூடினாலும் போதும், எல்லை அடுத்த மெகாபைட்டுக்கு இறங்கிடும். மோகன் சத்தியம் பண்ணது பொய் இல்ல. அவரு ஒரு மெகாபைட் ஏத்தல. ஏதோ சின்னதா ஏத்தியிருக்காரு.

— போதும். ரெண்டு பேரும் நிறுத்துங்க.

— மூஞ்சைப் பாருடி! வெளுத்துப் போச்சி. ஏசி பதினெட்டுல ஓடுது, இவனுக்கு வேர்க்குது. மோகனு, நைனா, இன்னாத்த ஏத்தின?

— அக்கா, உங்க நல்லதுக்குச் சொல்றேன். இதோட விட்டுருங்க.

— என் நல்லதுக்கா? கேட்டியா மெர்சி? மிரட்டுறான். நீ நேத்து வந்தவன்டா. நான் நாலு மேனேஜரைப் பாத்தவ. இவள மாட்டி வுட்டுட்டு நீ தப்பிச்சிக்கப் பாக்குற. இப்ப சொல்றேன், உன் குட்டை ஒடைக்காம இன்னிக்கு நான் பஸ்ஸு ஏற மாட்டேன். மெர்சி, அடுத்தது இன்னா பாக்கணும்?

— போன ஞாயித்துக்கிழமை மிஷினை நிறுத்தி மறுபடி ஓட வுட்டாங்க இல்ல? அப்பதான் எல்லை மாறியிருக்கும். பொது இடத்துல நிரந்தரமா உக்காந்திருக்கற புரோகிராம் லிஸ்ட்டை ரெண்டு மிஷின்லயும் எடுங்க. ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணா.

— எடுத்துட்டேன். பிரிண்ட்டும் குடுத்துட்டேன். சத்தம் கேக்குதா மோகனு? உன் வண்டவாளம் பேப்பர்ல வந்துக்கினு இருக்குது.

— அக்கா, கால்ல வேணா விழுறேன். படிக்காதீங்க.

— விழு. விழுந்துட்டு எழுந்திரி, நான் படிக்கிறேன். டெஸ்ட் மிஷின்ல முப்பத்தியொரு பேரு. மெயின் மிஷின்ல…

— எத்தினிக்கா?

— முப்பத்திரெண்டு! ஒண்ணு அதிகம்! சொன்னேன் பாத்தியா. புடிச்சிட்டேன் திருடனை. மெர்சி, அந்த லெட்டரைக் கிழிச்சி இவன் மூஞ்சில போடு.

— இருங்கக்கா. அந்த ஒண்ணோட சைஸு?

— பன்னெண்டு கேபி. அடப்பாவி! பன்னெண்டு கேபிக்கா இவ்ளோ பேஜாரு? ஏத்தின தேதி, ஞாயித்துக்கிழமை. ஏத்தின ஆளு, மோகன்ராஜ். இருக்குதுடி, பேரே இருக்குது.

— புரோகிராம் பேரு?

— டி… ஐ… எல்…

— அப்புறம்?

— ஏதோ சரியாத் தெரியல. பிரிண்ட் மங்கலா கீது.

— கண்ணாடிதான் போட்டிருக்கீங்களேக்கா. படிங்க. படிக்காதீங்கன்னு நான் கெஞ்சினப்பக் கத்துனீங்க இல்ல, இப்ப முழுசாப் படிங்க. நானே சொல்லட்டுமா? டி, ஐ, எல், ஏ, ஜி, ஏ. திலகா. உள்ள யாரு வந்தாலும் உங்க ஸ்கிரீன்ல பேரு விழுதே, அது எப்படி விழுதுன்னு நெனச்சீங்க? ஆண்டவன் அனுப்புறானா?

— நீ… நீ அது சின்ன சாமான்னு சொன்னியே மோகனு.

— சின்ன சாமான்தான். பன்னெண்டு கேபி. எல்லாரையும் பாக்கணும்னா அது பொது இடத்துலதான் உக்காரணும்னும் சொன்னேன். டெஸ்ட் மிஷின்ல வேணாமா அக்கான்னு கேட்டேன். அங்க யாரு வர்றா போறான்னு எனக்கென்ன, மெயின்ல போடுன்னீங்க. நர்மதா ஜாதகம் வேணும்னா ஞாயித்துக்கிழமைக்குள்ள ஏத்துன்னு நிபந்தனை போட்டது யாரு?

— அது வெளையாட்டுக்குச் சொன்னதுப்பா.

— நான் வெளையாடல. ஏத்திட்டேன். ஜாதகம் மட்டும் இன்னும் வரல.

— மோகன், இது உங்களுக்கு எப்பத் தெரியும்?

— செவ்வாய்க்கிழமை.

— செவ்வாய்க்கிழமையே? இன்னிக்கு வியாழன்.

— எடுக்கணும்னா மறுபடி மிஷினை நிறுத்தணும் மெர்சி. நிறுத்தணும்னா காரணம் எழுதிக் குடுக்கணும். இன்னா எழுதுவேன்? ஆபரேட்டருக்கு வேடிக்கை பாக்க ஒரு புரோகிராம் பர்மிஷன் இல்லாம ஏத்தினேன்னா? எங்க ரெண்டு பேரையும் அன்னிக்கே வெளிய தள்ளியிருப்பாங்க.

— அதுக்குப் பதிலா என்னைத் தள்ளிடலாம்னு லெட்டர் அடிச்சீங்க.

— கான்ட்ராக்ட்தானே, வேற எடத்துல கெடைச்சிடும்னு நெனச்சேன்.

— கடசில அதுதானே. உள்ளவனுக்கு ஒரு கணக்கு, வாசல்ல நிக்கறவளுக்கு ஒரு கணக்கு.

— மெர்சி, கண்ணு, ஒரு வார்த்தை கேளு.

— சொல்லுங்கக்கா.

— அவன் சொல்றதுலயும் ஒரு நியாயம் கீது இல்ல? உனக்கு இன்னா வயசு? இருவத்தொம்பது. எனக்கு ரிட்டயருக்குப் பதினாலு மாசம். இத்தினி வருஷம் ஒரு மெமோ வாங்கல நானு. ஊட்டாண்ட தெரிஞ்சா? அந்த ஆதிநாராயணன் பொண்டாட்டி லைனு ஃபுல்லா தம்பட்டம் அடிப்பா. அந்தம்மாவுக்கு வேற வேலையே இல்ல, அடுத்தவங்க ஊட்டு விஷயம்னா…

— அக்கா, இன்னா சொல்ல வர்றீங்க?

— ரெண்டே வரிதானேம்மா. போட்டுடேன்.

— செத்தாலும் போடாதன்னீங்க.

— அப்ப எனக்கு விஷயம் தெரியாது.

— எங்களைப் பத்தி எல்லாம் தெரிஞ்சிது, உங்களைப் பத்தி மட்டும் தெரியல.

— குத்திக் காட்டாத. சரவணகுமார் சார்கிட்ட நான் பேசுறேன். நல்ல பொண்ணு, ஏதோ அறியாம பண்ணிடுச்சின்னு சொல்றேன். என் பேச்சுக்கு மரியாதை இருக்குது.

— அவரு வந்துட்டாருக்கா.

— எங்க?

— உங்க ஸ்கிரீனைப் பாருங்க. மூணு நாப்பத்தாறு. எஸ். குமார், கீழ ரிசப்ஷன் டெர்மினல். உங்க சாமான் சரியாத்தான் வேலை செய்யுது.

— ஐயோ! மோகனு, அதை நிறுத்துடா!

— அதான் சொன்னேனேக்கா. மிஷினை நிறுத்தாம அது நிக்காது.

— மோகன் சொல்றது சரி. அதனால இந்த பிரிண்ட் அவரு கையில போவணும். மிஷினை நிறுத்த ஆர்டர் போட்டா ரெண்டு மணி நேரத்துல என் ஜாப் ஓடும், லாரி கெளம்பும். நானே கொண்டு போய்க் குடுக்குறேன்.

— போ, குடு. நானா புடிச்சிக்கினு இருக்கேன்?

— நீங்கதான் புடிச்சிக்கினு இருக்கீங்க. சீலும் கையெழுத்தும் இல்லாத பேப்பரை வாசல்ல சின்னதுரை புடுங்கிடுவான். ரூல் உங்களது. போடுங்கக்கா. நீங்க எடுத்த பிரிண்ட், நீங்க படிச்ச பேரு.

— நான் போடலன்னா?

— போடலன்னா நான் இங்கயே உக்காந்திருப்பேன். அவரு உள்ள வருவாரு. லிஸ்ட் ஸ்கிரீன்ல நிக்குது. அவருக்கும் படிக்கத் தெரியும். அவரு படிச்சா நீங்க மாட்டினவங்க. நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தா கண்டுபுடிச்சிச் சொன்னவங்க. எது வேணும்னு பாத்துக்கோங்க.

— இவ்ளோ பேசுவியா நீ? ஆறு வருஷமா வாயைத் தொறந்து நான் பாத்ததில்ல.

— நீங்க பேசிக்கினு இருந்தீங்க, நான் கேட்டுக்கினு இருந்தேன்.

— சரி குடு, சனியனை. எங்க போடணும்? மூலையிலயா… ஏம்மா மெர்சி.

— இன்னாக்கா?

— என் பேனா எழுத மாட்டேங்குது. மை தீந்துடுச்சி போல.

— இந்தாங்க. எனக்குன்னு மோகன் கொணாந்தது. மூடி கூட இன்னும் தொறக்கல.